மெத்தை வாங்கும் முன் படுத்துப் பாருங்கள்

கடையில் மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கைக்குத் தெரிவது மேல் அடுக்கின் மென்மை மட்டும்தான். உடம்பின் எடையை அடியில் இருக்கும் அடுக்கு தாங்குமா என்பது படுத்தால்தான் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே 10, 15 நிமிடம் படுங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்கமாட்டார். முடிந்தால் உங்கள் தலையணையையும் எடுத்துப் போங்கள்.

மல்லாந்து படுப்பவர், இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். கை தாராளமாகப் போய்வந்தால் அந்த மெத்தை உங்களுக்கு அதிகக் கட்டியானது. நுழையவே இடமில்லாமல் இடுப்பு புதைந்தால் அளவுக்கு மீறி மெத்தென்று இருக்கிறது. லேசாக உராய்ந்தபடி நுழைந்தால் சரி. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பெலும்பும் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் தோள் மரத்துப்போகும். கூட வந்தவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து முதல் இடுப்பு வரை முதுகெலும்பு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். குப்புறப் படுப்பவருக்குக் கட்டியான மெத்தையே ஏற்றது. வயிறு இறங்கினால் இடுப்பு வளையும்.

முதுகுவலிக்குப் பலகை போன்ற மெத்தைதான் நல்லது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வு, 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. அதில் நடுத்தரக் கட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. முதுகுக்கு நல்லது என்று சொல்லி விற்கும் ‘ஆர்த்தோ’ என்ற பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

ஃபோம் வாங்கினால் டென்சிட்டி எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அது; கட்டியா மெத்தென்றா என்பது வேறு விஷயம். டென்சிட்டி குறைந்தால் சீக்கிரம் குழி விழும். தினமும் படுக்க 32-க்குக் குறையாமலும், உடல் எடை அதிகமுள்ளவர் 40-ஐ ஒட்டியும் வாங்குவது நல்லது. சொல்வது உண்மையா என்று எடை போட்டே பார்க்கலாம்: 72-க்கு 36 அங்குலத்தில், 6 அங்குல கனமுள்ள முழு ஃபோம் மெத்தை 40 டென்சிட்டி என்றால் உறை நீங்கலாக ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். 32 என்றால் 8 கிலோ. 6 கிலோதான் இருக்கிறதென்றால் அதை வாங்காதீர்கள்.

மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகிச் சூட்டைப் பிடித்துவைக்கும். ஏசி இல்லாத அறையில், அதுவும் சென்னைப் புழுக்கத்தில், அதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். ரப்பர் சேர்த்த தென்னை நார் மெத்தையில் காற்றோட்டம் உண்டு, ஆனால் படுக்கும் இடம் நாளடைவில் அமுங்கும். 3 மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள். இலவம் பஞ்சு மெத்தை வெயிலுக்கு இதமானது. ஈரம் பட்டால் பஞ்சு கட்டிதட்டிவிடும், அவ்வப்போது வெயிலில் போட வேண்டும். இருவர் படுக்கும் கட்டிலில் ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்கிறாரா? ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங் மெத்தையைப் பாருங்கள்.

கட்டிலின் உள்ளளவை நீளத்திலும் அகலத்திலும் இரண்டிரண்டு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆசாரி செய்த கட்டிலில் அரை அங்குலம் முன்பின் இருக்கும். சட்டங்களுக்கு நடுவே 3 அங்குலத்துக்கு மேல் சந்து இருந்தால் ஃபோம் அதில் இறங்கும், மேலே பிளைவுட் போடுங்கள். பணம் கட்டும் முன் வாரண்டி அட்டையில் எத்தனை அங்குலக் குழிக்கு மாற்றித் தருவார்கள், கறை பட்டால் வாரண்டி செல்லுமா என்ற இரண்டு வரிகளையும் படித்துவிடுங்கள்.