சியோல் போனால் அரண்மனைத் தோட்டத்துக்குத் தனி டிக்கெட்

சியோலில் சாங்டொக்குங் அரண்மனைக்குப் போகிறீர்களா? வாசலில் டிக்கெட் வாங்கிவிட்டால் எல்லாம் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பின்னால் இருக்கும் 'ஹுவோன்' என்ற அரச குடும்பத்துத் தோட்டத்துக்குத் தனி டிக்கெட். ஒவ்வொரு நேரத்துக்கும் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. இலை சிவக்கும் அக்டோபர், நவம்பரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆன்லைனில் முன்பதிவு செய்துவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

1405-இல் கட்டிய அரண்மனை, 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் எனக்குத் தோட்டம்தான் ஒரு படி மேல். புயோங்ஜி குளத்தருகே கொஞ்சம் நில்லுங்கள். சதுரக் குளம், நடுவில் வட்டத் தீவு, அதில் பைன் மரம். பூமி சதுரம், வானம் வட்டம் என்பது கொரியர்களின் பழைய நம்பிக்கை. கரையோர மண்டபத்தின் இரண்டு கல்தூண்கள் தண்ணீருக்குள்ளேயே கால் வைத்திருக்கும்.

அப்புறம், ஒரே கல்லில் செதுக்கிய 'புல்லோமுன்' வாசல். அதில் நுழைந்தால் முதுமை வராதாம். நான் இரண்டு தடவை நுழைந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று!

ஏற்ற இறக்கம் அதிகம், நல்ல ஷூ போடுங்கள். 'ஹன்பொக்' என்ற கொரியப் பாரம்பரிய உடை உடுத்திப் போனால் அரண்மனைக்கு இலவசம். தோட்டத்துக்குக் காசு கட்டத்தான் வேண்டும்.