நம்ம தெரு பிரச்சனைய போன்லயே வீடியோ எடுக்கிறது எப்படி? (வேலூர் சைடு ஆளுங்களுக்கு)

சாக்கடை ரோட்டுல ஓடுது, குழாய்ல தண்ணி வரல, ஸ்கூல் காம்பவுண்டு ஓரம் குப்பை கொளுத்துறாங்க, இதெல்லாம் வீடியோ எடுத்து போடணும்னு காட்பாடில இருந்து குடியாத்தம் வரைக்கும் எல்லாருக்கும் ஆசை இருக்கு, கையில நல்ல போனும் இருக்கு, ஆனா எடுத்து முடிச்சு பாத்தா "வணக்கம் மக்களே"ன்னு ஆரம்பிச்சு நம்ம மூஞ்சியே ரெண்டு நிமிஷம் கத்திட்டு இருக்கும். பிரச்சனை பின்னாடி எங்கயோ மங்கலா தெரியும். அத யாரு பாப்பா, தள்ளிவிட்டு போயிடுவாங்க.

மொதல்ல சப்ஜெக்ட்ட சின்னதாக்குங்க. "பாலாறு நாசமா போச்சு"ன்னு ஒன்றரை நிமிஷத்துல சொல்லவே முடியாது. தோல் பதனிடுற கம்பெனிங்க கழிவு பாலாத்துல கலக்குற கேஸ் 1991ல சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு, 1996ல தீர்ப்பு வந்துச்சு, 2025 ஜனவரியில அதே கோர்ட்டு திரும்பவும் அதே பிரச்சனைக்கு தீர்ப்பு எழுத வேண்டியிருந்துச்சு, இவ்ளோ பெரிய கதைய நீங்க ஒரு ரீல்ஸ்ல எங்க அடக்குவீங்க? ஆனா வாணியம்பாடி பக்கம் ஒரே ஒரு கிணத்த எடுத்தா முடியும். அந்த தண்ணிய ஒரு கண்ணாடி டம்ளர்ல மொண்டு, பக்கத்துலயே கேன் தண்ணி ஒரு டம்ளர் வச்சு, வெயிலுக்கு நேரா பத்து செகண்ட் அசையாம காட்டுங்க, யாரும் பேசவே தேவையில்ல. அப்புறம் அந்த நிலத்துக்காரர் "இதுல முன்ன நெல்லு போட்டோம், இப்ப தென்னையே தாங்கல"ன்னு ஒரு வரி சொன்னா போதும். இதுல ஒண்ணு கவனம், தண்ணி நெறம் மாறியிருக்குன்னு காட்டலாம், ஆனா கையில டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம "இந்த கம்பெனிதான் காரணம்"னு பேரை சொல்லிடாதீங்க, அவதூறு கேஸு உங்க மேல திரும்பும்.

எடுக்கிறதுக்கு முன்னாடியே இத யாரு பாக்கணும்னும் முடிவு பண்ணிடுங்க. கவுன்சிலர் பாக்கணும்னா தெரு பேரு, வார்டு நம்பர், எத்தனை நாளா இப்படி கீது, என்ன பண்ணித்தரணும், இது நாலும் வீடியோக்குள்ளயே வரணும். தெரு ஜனங்க பாக்கணும்னா அவங்க பேசுற பேச்சே இருக்கட்டும், டிவி நியூஸ் மாதிரி செந்தமிழ் வாய்ஸ் ஓவர் குடுத்தா சிரிப்பாங்க.

இப்ப போனுக்கு வருவோம். லென்ஸ துணியால தொடைங்க, பாதி வீடியோ மங்கலா இருக்கிறதுக்கு காரணம் பாக்கெட் அழுக்குதான். ஏரோபிளேன் மோடு போடுங்க, இல்லன்னா நல்ல சீன் போகும்போது லோன் வேணுமான்னு கால் வரும். 1080பி, 30 பிரேம் தாராளமா போதும், 4கே எடுத்தா மெமரிதான் ரொம்பும். நம்ம ஊரு வெயில் தெரியும்ல, அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் வெளிய வச்சு எடுத்தா போன் சூடாகி கேமராவே ஆஃப் ஆயிடும், ஆளுங்க மூஞ்சியிலயும் கண்ணுக்கு கீழ கருப்பு நிழல் விழும். காலையில எட்டரைக்குள்ள, இல்ல சாயங்காலம் நாலரைக்கு மேல வச்சுக்கோங்க. ரீல்ஸ், ஷார்ட்ஸுக்கு போன நிக்க வச்சு எடுங்க, கிராம சபையில டிவில போட்டு காட்டப்போறீங்கன்னா படுக்க வச்சு.

படத்தை விட சவுண்டுதான் முக்கியம், இத நிறைய பேரு கண்டுக்கிறதே இல்ல. படம் கொஞ்சம் ஆடினா பொறுத்துக்குவாங்க, பேச்சு கேக்கலன்னா அடுத்த வீடியோவுக்கு போயிடுவாங்க. காலர் மைக் இல்லன்னா இன்னொரு போன்ல வாய்ஸ் ரெக்கார்டர் ஆன் பண்ணி பேசுறவர் சட்டை பாக்கெட்டுல போட்டுடுங்க, ஆரம்பத்துல கேமரா முன்னாடி ஒரு தடவை கை தட்டுங்க, எடிட்டிங்ல அந்த சத்தத்த வச்சு ரெண்டையும் சேத்துடலாம்.

ஆளுங்கள பேச வைக்கிறதுதான் உண்மையான வேலை. குடியாத்தம் பக்கம் பீடி சுத்துற ஒரு அம்மாகிட்ட போறீங்கன்னு வைங்க. "உங்க கஷ்டத்த சொல்லுங்கம்மா"ன்னு கேட்டா "இன்னாத்த சொல்றது"ன்னு முடிச்சிடுவாங்க. "ஆயிரம் பீடி சுத்த எவ்ளோ நேரம் ஆவுதுமா, இலை கட்டு குறைச்சலா வந்தா இன்னா பண்ணுவீங்க"ன்னு கேளுங்க, அப்ப தானா வரும். கேமராவ மூஞ்சிக்கு வைக்காம கைக்கு வைங்க, கத்தரியால இலைய அளவா வெட்டுறது, தூள் வச்சு உருட்டுறது, நூல் சுத்தி கட்டுறது, முறத்துல இருக்கிற தூள், வெரல் நுனி. அந்த கத்தரி சத்தத்த தனியா ஒரு இருபது செகண்ட் ரெக்கார்டு பண்ணி வச்சுக்கோங்க, எடிட்டிங்ல பாட்டே தேவைப்படாது, சினிமா பாட்டு போட்டா காப்பிரைட்னு சவுண்ட கட் பண்ணிடுறான் வேற.

அந்த அம்மா கேக்கிற மொத கேள்வி "எம்மூஞ்சி தெரியுமாபா?"ன்னுதான் இருக்கும். ஏன்னா வீடியோ போட்டுட்டு நீங்க பஸ் ஏறிடுவீங்க, நாளைக்கு ஏஜென்ட்கிட்ட இலை வாங்கப்போறது அவங்க. அதனால தெரியாதுன்னு சொன்னா நிஜமாவே தெரியக்கூடாது. மூஞ்ச மட்டும் பிளர் பண்ணா பத்தாது, கதவு நம்பர், வாசல்ல நிக்கிற வண்டி நம்பர், செவுத்துல தொங்குற போட்டோ, கொடியில காயிற ஸ்கூல் யூனிபார்ம், பின்னாடி யாராச்சும் பேரு சொல்லி கூப்பிடுற சத்தம், எல்லாம் காட்டிக்குடுத்துடும். வேலை செய்ற கொழந்தைங்க, கொழந்தை கல்யாணம், பாலியல் தொல்லை இதுலல்லாம் அடையாளத்த காட்டுறது சட்டப்படியே குத்தம், போக்சோ 23வது பிரிவும் சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவும் இருக்கு, அப்பா அம்மா சரின்னாலும் போடாதீங்க. அப்படி ஒரு கொழந்தைய நேர்ல பாத்துட்டா கேமராவ ஓரமா வச்சுட்டு மொதல்ல கொழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்கு போன் அடிங்க.

எடிட்டிங்குக்கு இன்ஷாட், விஎன் மாதிரி ஆப்பே போதும். மொத மூணு செகண்டுல டைட்டில் கார்டு, லோகோ எதுவும் வேணாம், நேரா அந்த டம்ளர், இல்ல அந்த கை. தமிழ்ல சப்டைட்டில் கண்டிப்பா போடுங்க, பஸ்ல மியூட் போட்டுதான் பாக்குறாங்க. எழுத்த ரொம்ப கீழ வைக்காதீங்க, லைக் பட்டனும் உங்க பேரும் மேல வந்து உக்காந்துக்கும். நீளம் ஒன்றரை நிமிஷத்த தாண்ட வேணாம், ஷார்ட்ஸ்ல 3 நிமிஷம் வரைக்கும் போடலாம்னு இருக்கு, அதுக்காக இழுக்கணும்னு இல்ல.

போடுறதுக்கு முன்னாடி பேசினவங்க கையிலயே போன குடுத்து முழுசா பாக்க சொல்லுங்க. "இந்த வார்த்தைய எடுத்துடுபா"ன்னா பேசாம எடுத்துடுங்க, அது எவ்ளோ நல்ல ஷாட்டா இருந்தாலும் சரி.

வியூஸ் வர்றது வேற, வேலை நடக்கிறது வேற. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு கூட்டத்துல மனு குடுங்க, இல்ல முதல்வர் ஹெல்ப்லைன் 1100ல பதிவு பண்ணுங்க, அந்த மனு நம்பர வீடியோ கீழ போட்டு வைங்க. கிராமம்னா ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபை இருக்கு, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி வீடியோ ஊர் வாட்ஸ்அப் குரூப்ல சுத்துனா கூட்டத்துல கேள்வி கேக்க நாலு பேரு கூட வருவாங்க. ஆபீஸருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்புல டாக்குமெண்டா அனுப்புங்க, சும்மா வீடியோவா அனுப்பினா குவாலிட்டி போயிடும். எடிட் பண்ணாத ஒரிஜினல் பைல மட்டும் டெலிட் பண்ணாதீங்க, "இது எப்ப எடுத்தது, எங்க எடுத்தது"ன்னு எவனாவது கேட்டா காட்டுறதுக்கு அதுதான் இருக்கும். சாக்கடைய சரி பண்ணிட்டாங்கன்னா அதே எடத்துல நின்னு, அதே ஆங்கிள்ல இன்னொரு வீடியோவும் எடுத்து போட்டுடுங்க.