தைல மர இலைச் சாயம்: பென்டிகோ பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் குளிர்காலத்தில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இந்த மூலையில் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு கம்பளித் துணியையும் ஒரு கண்டு பருத்தி நூலையும் காரில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். தைல மர இலையைக் கம்பளியில் வைத்துச் சுருட்டி, கட்டி, அவித்தால் இலையின் உருவம் ஆரஞ்சும் செம்மண் நிறமுமாகத் துணியில் பதிந்துவிடும். நிறம் பிடிக்கப் படிகாரம் வேண்டாம், கடையில் வாங்கும் சாயப்பொடியும் வேண்டாம். இலையும் வெந்நீரும் பொறுமையும் போதும்.

குடும்பத்தோடு செய்ய இதைவிடத் தோதான கைவேலை எனக்குத் தெரியாது. இலை சேர்ப்பது காலையில், கட்டுவது மதியம் பூங்கா மேசையில், அவிப்பது இரவு வீட்டில் என்று வேலை தானாகவே பிரிந்துகொள்கிறது. நடுவில் ஊர் சுற்றவும் சாப்பிடவும் நேரம் கிடைக்கிறது.

முதலில் துணி. கம்பளி அல்லது பட்டுதான் வேண்டும். பருத்தியில் இந்தச் சாயம் முன்தயாரிப்பு இல்லாமல் சரியாக ஏறாது. புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சிற்றூர்களின் ஆப் ஷாப் எனும் பழம்பொருள் கடைகளில் க்ரீம் நிறப் பழைய கம்பளிப் போர்வைகள் கிடைக்கும். லேபிள் இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கட்டியானால் செயற்கை இழை, அதை விட்டுவிடுங்கள். பின்னுகிறவர் வீட்டில் இருந்தால் பென்டிகோ உல்லன் மில்ஸ் என்ற கம்பளி நூல் ஆலையில் வெள்ளை நூலும் வாங்கி வைத்துக்கொள்ளலாம், மிச்சச் சாயத்துக்கு உதவும். ஜூலையில் இங்கே நடக்கும் ஆஸ்திரேலிய செம்மறி, கம்பளிக் கண்காட்சிக்குப் பெரியவர்களை அழைத்துப் போங்கள். நூல் நூற்பவர்களின் அருகில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

அடுத்தது மரம். தைல மரத்தில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன, எல்லா வகையும் இந்த நிறத்தைத் தந்துவிடாது. நம்பிப் போகக்கூடியது யூக்கலிப்டஸ் சினேரியா. இளம் இலைகள் வட்டமாக, சாம்பல் பூத்து, காம்பில்லாமல் இரண்டிரண்டாகத் தண்டை ஒட்டி நிற்கும். இங்கே வீட்டுத் தோட்டங்களில் நிறைய வளர்க்கிறார்கள். பூச்செண்டுகளில் ‘சில்வர் டாலர்’ என்று செருகுவதும் பெரும்பாலும் இதுதான். காய்ந்த செண்டைக் குப்பையில் போடாதீர்கள், காய்ந்த இலையும் நல்ல நிறம் தரும். இன்னொன்று அயர்ன்பார்க். கறுத்து, ஆழமாக வெடித்த பட்டையை வைத்துத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். பென்டிகோவைச் சுற்றியுள்ள காடே அயர்ன்பார்க், பாக்ஸ் என்ற தைல மர வகைகளால் ஆனதுதான்.

ஆனால் அந்தக் காட்டில் கை வைக்கக் கூடாது. தேசியப் பூங்காவில் கீழே உதிர்ந்து கிடக்கும் இலையைக்கூட எடுப்பது குற்றம். சாலையோர மரங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. உங்கள் தோட்டம், அக்கம்பக்கத்தார் வீடு, தெரிந்தவர் பண்ணை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் கேட்டுவிட்டு. பிள்ளைகளுக்கு இதைக் கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும். காட்டில் பார்க்கலாம், தொடலாம், மோந்து பார்க்கலாம், பறிக்கக் கூடாது. எந்த மரம் என்று சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய கிண்ணத்தில் நாலு இலையும் ஒரு துண்டுக் கம்பளியும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்காமல் சூடாக்கிப் பாருங்கள். மரத்தின் பெயரைவிட அந்தத் துண்டு சொல்வதே சரி.

நாங்கள் இலைப்பையோடு போவது மால்டனுக்கு. பென்டிகோவிலிருந்து 40 கி.மீ.க்குள்தான். தங்க வேட்டைக் காலத்துக் கடைத்தெரு கலையாமல் இருக்கும் ஊர். 1966-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ஆஸ்திரேலியாவிலேயே முதலாவதாக இதைத்தான் குறிப்பிடத்தக்க ஊர் என்று அறிவித்தது. இங்கிருந்து காசில்மெயினுக்கு நீராவி ரயில் உண்டு. தினமும் ஓடாது, நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மாலை மங்குவதற்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது, அந்த நேரத்தில் கங்காரு சாலையில் குதிக்கும்.

இனி கட்டும் வேலை. இதில்தான் எல்லாம் இருக்கிறது. துணியை வீட்டிலேயே மிதமான சோப்பில் அலசி, ஈரத்தோடு ஒரு பையில் கொண்டுவாருங்கள். மேசையில் பழைய நாளிதழை விரித்து, அதன்மேல் துணியைப் போட்டு நீவிவிடுங்கள். பாதித் துணியில் மட்டும் இலைகளைப் பரப்பி, மறுபாதியை மேலே மடித்தால் இரண்டு பக்கமும் பதியும். எந்த இலை எங்கே என்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு ஒரு தடித்த குச்சியை ஓரத்தில் வைத்து, காற்று புகாமல் அழுத்தி அழுத்திச் சுருட்டி, நூலால் முழு நீளத்துக்கும் சுற்றிக் கட்ட வேண்டும். இலை துணியோடு ஒட்டிய இடத்தில் நரம்புகூடத் தெளிவாகப் பதியும். தளர்ந்த இடத்தில் மங்கிய கறைதான் மிஞ்சும்.

என் மாமியார் நிலக்கோட்டைக்காரர், மல்லிகை கட்டிப் பழகிய கை. முதல் துணிச் சுருளை அவர் கையில் கொடுத்ததும் எங்கள் வீட்டில் இந்தப் பொறுப்பு அவருடையதாகிவிட்டது. “இன்னும் இறுக்கணுமா அப்பத்தா?” என்று மகள் கேட்டால், “நெருக்கிச் சுத்து கண்ணு, இடைவெளி விட்டா நழுவிரும்” என்பார். நூலின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சுருளைச் சுழற்றுவார். எனக்கு அந்த இறுக்கம் வருவதில்லை. ஆங்கிலம் தெரியாததால் இங்கே வந்து நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கைக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கும் ஒரு வேலை வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கறுப்பும் வேண்டுமென்றால் துருப்பிடித்த ஓர் ஆணியைச் சேர்த்துச் சுருட்டுங்கள். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பது போலத்தான் இதுவும். இலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருமையாகும். ஒன்றிரண்டு போதும், இரும்பு மிஞ்சினால் கம்பளி நாளடைவில் நைந்துபோகும்.

வீட்டுக்கு வந்ததும், சமையலுக்கு இனி ஒருபோதும் திரும்பாத ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் கட்டுகள் முங்கும் அளவு தண்ணீர் ஊற்றி, மிச்ச இலைகளையும் அதிலேயே போடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டாம், ஆவி பறந்து ஓரத்தில் சிறு குமிழி விட்டால் போதும். இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும், நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். தைல ஆவி நெஞ்சில் ஏறும் என்பதால் வராந்தாவில் கேஸ் அடுப்பில் செய்வதே நல்லது. தீத்தடை அறிவித்த நாளில் வெளியே அடுப்பு வைக்க நினைக்கவே வேண்டாம், வேலையை இன்னொரு வாரத்துக்குத் தள்ளுங்கள்.

அடுப்பை அணைத்ததும் யாரும் கட்டை அவிழ்க்கக் கூடாது. இரவு முழுக்க அதே தண்ணீரில் ஆறட்டும். சூட்டிலிருந்து சட்டென்று குளிர்நீருக்கு மாற்றிக் கசக்கினால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். காலையில் அவிழ்த்து, இலைகளை உரித்து எடுத்துவிட்டு நிழலில் காயப்போடுங்கள். ஒரு வாரம் கழித்துத்தான் முதல் அலசல்.

பாத்திரத்தில் மிஞ்சிய சாயத்தில் வெள்ளை நூலைத் தளர்வாகச் சிட்டம் (நூல் வளையம்) போட்டு, நனைத்து, மெல்லச் சூடேற்றினால் ஆரஞ்சு வரும். அதே தண்ணீரில் அடுத்த சிட்டம் வெளிறும், மூன்றாவது இன்னும் வெளிறும். மூன்றையும் சேர்த்துப் பின்னிய மஃப்ளர் அழகாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துணிச்சீட்டுத் தைத்து, எந்த வீட்டு மரம், எந்த மாதம், எவ்வளவு நேரம் அவித்தது என்று எழுதி வையுங்கள். ஒரே மரமும் பருவத்துக்குப் பருவம் வேறு நிறம் காட்டும். அடுத்த குளிர்காலத்தில் அதே சிவப்பு வேண்டுமென்றால் அந்தச் சீட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.