முதல் க்ரூஸ் போகிறீர்களா? கரையில் இறங்கும் நாளில் சொதப்பாமல் இருக்க

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு சிங்கப்பூரிலேயே இறங்குகிற நான்கு இரவுப் பயணம். நம் ஊரிலிருந்து முதல்முறை க்ரூஸ் போகிறவர்கள் பலர் இதைத்தான் பிடிக்கிறார்கள், நாங்களும் இதில்தான் போனோம். நான், மனைவி, பையன், அத்தை. அத்தைக்குக் கப்பல் என்றாலே வாந்தி வரும் என்ற பயம். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அவர்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் விசாவைப் பாருங்கள். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போய்த் திரும்புவதால், கடைசி நாள் சிங்கப்பூரில் இறங்குவது இரண்டாவது முறை நுழைவதாகத்தான் கணக்கு. ஒருமுறை மட்டும் நுழைகிற விசா போதாது. மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன, வருகை அட்டையை வேறு முன்கூட்டியே ஆன்லைனில் நிரப்பச் சொல்கிறார்கள். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சார்" என்று ஏஜென்ட் போனில் சொன்னால், அதையே மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

ஏறும் நாளில் பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறை வாசலுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். அதனால் மாத்திரை, பாஸ்போர்ட், குழந்தைக்கு மாற்றுத்துணி, நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். எல்லோரும் பஃபே வரிசையில் தட்டோடு நிற்கிற அந்த மதிய நேரத்தில் நீச்சல்குளம் கிட்டத்தட்ட காலி, பையன் ஒரு மணி நேரம் தனிக்காட்டு ராஜாவாக இருந்தான். அயர்ன் பாக்ஸ் கொண்டு போகாதீர்கள், ஸ்கேனரில் பிடித்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாதுகாப்புப் பயிற்சியையும் தட்டிக்கழிக்க முடியாது. 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது புதிதாக ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. இப்போது கிளம்புவதற்கு முன்பே, அல்லது கிளம்பிய உடனேயே முடித்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி.

ஆட்டம் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதிதான். பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். சீ-சா பலகையில் கூட நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் குறைவுதானே. பால்கனி அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது முதல் பயணத்தில் வீண் என்பது என் கட்சி, மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முதல் இரவே டைனிங் ஹாலின் தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு மறுநாளிலிருந்து மெனுவில் இல்லாத பருப்பும் சப்பாத்தியும் கேட்காமலேயே வந்தது. டிப்ஸ் என்று தலைக்கு இவ்வளவு என ஒவ்வொரு இரவுக்கும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், குழந்தைக்கும் உண்டு, அதையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். போனை ஏறியதுமே ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் கண்ணைக் கட்டும்.

சரி, கரைக்கு வருவோம். துறைமுகத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் என்று போட்டிருந்தால் கையில் கிடைப்பது ஐந்தரை, ஆறுதான். இறங்கும் வரிசையும், கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே ஏறிவிட வேண்டும் என்கிற கெடுவும் மீதியைத் தின்றுவிடும். ஊருக்கு ஒரு இடம், கூடிப்போனால் இரண்டு.

பினாங்கில் கப்பலில் விற்கிற டூர் தேவையே இல்லை. கப்பல் நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் பியர் துறை, பழைய நகரமான ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்ததும் விக்டோரியா மகாராணி மணிக்கூண்டு, அறுபது வருட ஆட்சிக்காக அறுபது அடி உயரத்தில் கட்டியது. அங்கிருந்து பொடிநடையாகப் போனால் லிட்டில் இந்தியா, குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், பக்கத்திலேயே தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். வெயில் ஏறுவதற்குள் அதை முடித்துவிட்டு, மரக்கால்களின் மேல் கடலுக்குள் நீளும் ச்சூ ஜெட்டி வீடுகளைப் பார்த்துவிட்டு, சோற்றின் மேல் பல குழம்புகளை ஊற்றித் தருகிற நாசி கண்டாரையும் ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பலாம். பினாங்கு ஹில் ரயில் வரிசை நீளமாக இருந்தால் அரை நாள் போச்சு, விட்டுவிடுங்கள்.

புக்கெட் வேறு கதை. எங்கள் கப்பல் படோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது, கரைக்குச் சின்னப் படகில்தான் போக வேண்டும். டெண்டர் என்பார்கள். கப்பல் டூர் எடுத்தவர்களைத்தான் முதலில் அனுப்புகிறார்கள், மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். பாங் ங்கா தீவுகள் மாதிரித் தொலைவான இடத்துக்கு ஆசைப்பட்டால் கப்பல் டூரே எடுங்கள். விலை அதிகம்தான், ஆனால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாகப் பிடித்த டாக்சிக்குக் காத்திருக்காது.

நாங்கள் டாக்சி பிடித்து மலை தாண்டி பழைய புக்கெட் டவுன் போய்விட்டு, படோங்கில் மாம்பழமும் ஒட்டரிசிச் சாதமும் சாப்பிட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தோம். போனில் மணி மூன்று பத்து, கடைசிப் படகு நாலரைக்கு. அத்தை தன் சாவி கொடுக்கிற எச்எம்டி வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, என் வாட்சுல நாலு பத்து ஆகுதே?" என்றார். சிங்கப்பூர் விமான நிலையத்தில் அவர் அதைத் திருப்பி வைத்ததோடு சரி. போனோ கரையில் சிக்னல் கிடைத்ததும் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது, அது சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் ஓடுவது கப்பல் நேரத்தில், எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்தை மாற்றவே இல்லை. அப்புறம் என்ன, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினோம், பையனுக்கு மட்டும் அது விளையாட்டு. படகில் ஏறிய கடைசி நாலு பேர் நாங்கள்தான்.

இறங்குவதற்கு முன் வாசலில் எழுதியிருக்கும் கப்பல் நேரத்தைப் போட்டோ எடுங்கள், கையில் சாதாரண வாட்ச் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், போனில் தானியங்கி நேரத்தை அணைத்து வையுங்கள்.

கடைசி இரவு பெட்டிகளுக்கு டேக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், மறுநாள் முனையத்தில்தான் திரும்பக் கிடைக்கும். காலையில் உடுத்த வேண்டியதை முதலில் எடுத்து வெளியே வைத்துக்கொண்டு அப்புறம் பெட்டியைப் பூட்டுங்கள். எதிர் அறைக்காரர் லுங்கியோடுதான் குடியேற்ற வரிசையில் நின்றார்.