பழைய கணினியில் பேர் மெட்டல்

'விர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருக்கிறேனே, அதுவும் பேர் மெட்டல்தானே?' என்று தம்பி கேட்டான். இல்லையடா. அது விண்டோஸின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும் மென்பொருள். ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இதுபோன்ற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அது வன்பொருளைத் தானே நேரடியாக ஆண்டால்தான் பேர் மெட்டல்.

16 ஜிபி நினைவகமுள்ள என் பழைய கணினியில் பிராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரை நிறுவினேன். முதலில் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் மெய்நிகராக்க வசதியை இயக்குங்கள். இன்டெலில் அதன் பெயர் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம். பிறகு பிராக்ஸ்மாக்ஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். நிறுவும் மென்பொருள், நீங்கள் தேர்ந்தெடுக்கும் வட்டை முழுவதுமாக அழித்துவிடும். அவசரத்தில் வட்டை மாற்றித் தேர்ந்தெடுத்து, மூன்று வருடப் புகைப்படங்களைத் தொலைத்தவன் சொல்கிறேன்: வேண்டாத வட்டுகளின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

வைஃபையை நம்பாமல் லேன் கம்பியைச் செருகுங்கள். நிலையான ஐபி முகவரி கொடுங்கள். முடிந்ததும் திரையில் கறுப்புப் பின்னணியும் எழுத்துகளும்தான் தெரியும், பயப்பட வேண்டாம். வேறொரு கணினியின் உலாவியில் அந்த முகவரியை 8006 போர்ட்டுடன் (முகவரியின் கடைசியில் :8006) திறந்தால் மேலாண்மைப் பக்கம் வரும். சான்றிதழ் எச்சரிக்கை காட்டும், அது வழக்கமானதே. மெய்நிகர் கணினிகளுக்கு நினைவகத்தைப் பங்கிடும்போது 2 ஜிபியையாவது பிராக்ஸ்மாக்ஸுக்கு விட்டுவையுங்கள்.

'உள்ளே இருப்பது டெபியன் லினக்ஸ் இயங்குதளம்தானே, இதுவும் சவாரிதானே?' என்று தம்பி மடக்கினான். நல்ல கேள்வி. 2007இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்த கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதி, கெர்னலையே ஹைப்பர்வைசராக மாற்றிவிடுகிறது. அதனால் நான் இதைப் பேர் மெட்டல் கணக்கில்தான் வைக்கிறேன். அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.