ஹூஸ்டனில் வீடு பார்க்கிறீர்களா?

ஹூஸ்டனுக்குக் குடிபோகிறவர்கள் பலர் பள்ளிக்கூடத்தை மட்டும் பார்த்து, நகருக்கு மேற்கே இருக்கும் கேட்டி என்ற ஊர்ப் பக்கம் வீடு பிடித்துவிடுகிறார்கள். அங்கிருந்து டவுன்டவுன் ஏறக்குறைய 30 மைல். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தால் அரைமணி நேரம்தான். அதை நம்பி லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள்! கூகுள் மேப்ஸில் செவ்வாய்க்கிழமை காலை 8.30-க்கு ஆபீஸில் இருக்க வேண்டும் என்று நேரம் கொடுத்துப் பாருங்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 லேன் அகலமுள்ள ஐ-10 நெடுஞ்சாலை கூட அந்த வேளையில் ஊர்ந்துதான் நகரும்.

டவுன்டவுனில் வேலை என்றால் ஹூஸ்டனின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான மெட்ரோவின் 'பார்க் அண்ட் ரைடு' பஸ் பெரிய உபகாரம். காரை அதற்கான நிறுத்துமிடத்தில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏறினால், நெரிசலை ஒதுக்கித் தனி லேனில் போகும். ஆபீஸ் வேறு திசையில் என்றால், வாடகை கொஞ்சம் கூடினாலும் அந்தப் பக்கமே வீடு தேடுங்கள்.