போட்டி நிறுவனத்துக்கு மாறும் மூத்த வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு சட்ட நிறுவனத்தின் மூத்த பார்ட்னர் போட்டி நிறுவனத்துக்குப் போவதில் தவறே இல்லை. 'விலகியபின் எங்கள் கட்சிக்காரர்களுக்கு வாதாடக் கூடாது' என்று ஒப்பந்தம் போடுவதைத்தான் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 5.6 தடுக்கிறது. தன் வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்சிக்காரருக்கே உண்டு. சிக்கல் வருவது கிளம்பும் விதத்தில்.

பெரிய தவறு, நிறுவனத்திடம் மறைத்துவிட்டுக் கட்சிக்காரர்களை இழுக்கப் பார்ப்பது. 1984இல் பாஸ்டனில் மீஹன், பாயில் என்ற இரண்டு பார்ட்னர்கள் தனி நிறுவனம் தொடங்கத் திட்டமிட்டார்கள். வதந்தி பரவி, சக பார்ட்னர்கள் நேரில் கேட்டபோது மீஹன் மறுத்தார். பிறகு விலகல் அறிவிப்பு கொடுத்த சூட்டோடு, பழைய நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டிலேயே கடிதங்கள் பறந்தன. பழைய இடத்திலேயே தொடரும் உரிமை உண்டு என்பதைக் கட்சிக்காரர்களுக்கு அவை தெளிவாகச் சொல்லவில்லை. வழக்கு மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989 தீர்ப்பு, புது அலுவலகம் பார்த்ததிலோ கடன் ஏற்பாடு செய்ததிலோ குறை காணவில்லை. கட்சிக்காரர்களின் சம்மதத்தை முறையற்ற வழியில் வாங்கியதைத்தான் கண்டித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு மிகச் சரியாகப் படுகிறது. பல வருடம் கூட உழைத்தவர் நேருக்கு நேர் கேட்கும்போது பொய் சொல்வது எந்தத் தொழிலிலும் தப்புதான்.

ஆகவே முதலில் நிறுவனத்திடம் சொல்லுங்கள். அப்புறம் முடிந்தால் இரு தரப்பும் சேர்ந்து கட்சிக்காரர்களுக்கு ஒரே கடிதம் அனுப்புங்கள். நிறுவனங்களும் அறிவிப்புக் காலத்தைக் (விலகுவதாகச் சொன்னபின் காத்திருக்க வேண்டிய நாட்களை) காட்டி ஆளைக் கட்டிப்போடக் கூடாது என்று 2019இல் அதே சங்கம் கருத்துரை வெளியிட்டது.

இளைய வக்கீல்களின் சம்பளம், பில்லிங் விவரங்களைப் போகும் இடத்துக்கு முன்கூட்டியே கொடுப்பது இன்னொரு தவறு. 2000இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று இதை நம்பிக்கைத் துரோகமாகவே பார்த்தது. நலன் முரண்பாடு, அதாவது உங்கள் கட்சிக்காரரின் நலன் புது நிறுவனத்தின் கட்சிக்காரர்களுடைய நலனோடு மோதுவது, இருக்கிறதா என்று அந்த நிறுவனம் பார்க்கக் கட்சிக்காரர் பெயர், வழக்கு எதைப் பற்றியது என்ற அளவு போதும். கோப்புகளைக் காட்டவே கூடாது.

புது நிறுவனத்தின் கணக்கையும் கேட்டுப் பாருங்கள். டூயி அண்ட் லெபோஃப் என்ற பெரிய அமெரிக்கச் சட்ட நிறுவனம், பல பார்ட்னர்களுக்குப் பெரிய தொகைகளை உத்தரவாதமாகக் கொடுத்திருந்தது. 2012 மே மாதம் அது திவாலானபோது, வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பார்ட்னர்கள் பலர் திருப்பிக் கட்ட நேர்ந்தது.